வசதி வந்த கதை: 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீட்டுக்குள்

'வசதி' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. "அவங்க வசதியான குடும்பம்" என்றால் பணம் இருக்கிறது என்று அர்த்தம். "வசதியா உட்காருங்க" என்றால் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள், காலை நீட்டிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பணம் வந்தால் உடம்புச் சுகமும் கூடவே வந்துவிடும் என்று நமக்குப் பழகிப்போனதால், ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

300 வருடங்களுக்கு முந்தைய ஐரோப்பாவில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அவ்வளவாகத் தெரியாதவை. கொட்டிக் கிடக்கும் செல்வத்துக்கு நடுவில் குளிரில் நடுங்கி உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. சிறந்த உதாரணம் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயி. 1695 குளிர்காலத்தில், வெர்சாய் அரண்மனையில், அவர் சாப்பிடும் மேசையிலேயே கோப்பைகளில் இருந்த ஒயினும் தண்ணீரும் உறைந்துபோயின. இதை எழுதி வைத்தவர் அரசரின் தம்பி மனைவி. அதே அரண்மனையில், 1684இல் கட்டி முடித்த கண்ணாடி மண்டபத்தில் மட்டும் 357 கண்ணாடிகள். அவ்வளவு கண்ணாடிக்குச் செலவழிக்க முடிந்தவருக்கு, தன் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

முடியவில்லை என்பதைவிட, அது முக்கியமாகப் படவில்லை என்பதுதான் சரி. அரண்மனை என்பது வாழ்வதற்கு முன்னால் காட்டுவதற்கு. அரசர் எழுந்திருப்பதும் படுப்பதும்கூடப் பிரபுக்கள் முன்னிலையில் நடக்கும் சடங்குகள். உட்காருவதும் அப்படியே. வெர்சாயில் ராணியின் முன் யார் உட்காரலாம், எதில் உட்காரலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. கை வைத்த நாற்காலி அரசருக்கும் ராணிக்கும்தான். டச்சஸ் பட்டம் பெற்ற பெண்களுக்கு முதுகும் இல்லாத, கையும் இல்லாத ஒரு குட்டி ஸ்டூல். மற்ற பெண்கள் நிற்க வேண்டும். அந்த ஸ்டூலுக்காக எத்தனை குடும்பங்கள் ஏங்கின, எத்தனை சண்டை நடந்தது! உட்கார்ந்தால் முதுகு வலிக்குமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உட்கார முடிந்ததே பெருமை.

இதற்கு ஆடம்பரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆடம்பரத்துக்கு எப்போதும் பார்வையாளர் வேண்டும். சொகுசு வேறு: கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போதும் அது சொகுசுதான். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீட்டுக்குள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஆடம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தில் ஒரு பகுதி சொகுசின் பக்கம் திரும்பியது. 'வசதி'யின் இரண்டு அர்த்தங்களும் அங்கேதான் கைகோத்தன.

அவர்களுடைய சொற்களிலேயே இதைப் பார்க்கலாம். இன்று 'கம்ஃபர்ட்' என்றால் மெத்தென்ற சோஃபாதான் நினைவுக்கு வருகிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஆறுதல், தேற்றுதல் என்றுதான் பொருள். துக்க வீட்டில் சொல்லும் வார்த்தை அது, கடவுளிடம் கேட்கும் வரம் அது. லத்தீன் மூலத்தில் 'பலப்படுத்துவது' என்று அர்த்தம். மனசுக்கான அந்தச் சொல் உடம்புக்கும் உரியதாகப் பெருவழக்கானது 18ஆம் நூற்றாண்டில்தான். 'லக்ஷுரி'யின் கதை இன்னும் சுவாரசியம். கிறித்தவ மரபின் ஏழு கொடிய பாவங்களில் ஒன்றான காமத்துக்கு லத்தீனில் பெயர் 'லுக்ஸூரியா'. ஒரு சொல் பாவப் பட்டியலிலிருந்து கடை விளம்பரம் வரை நடந்து வந்திருக்கிறது.

நாற்காலியும் நெருப்பும்

பதினான்காம் லூயி 1715இல் இறந்தார். அடுத்து வந்தது அவருடைய கொள்ளுப்பேரன் பதினைந்தாம் லூயி. பெரியவரின் படுக்கையறை பிரமாண்டமானது, அரண்மனையின் நட்டநடுவில் இருப்பது, தாங்க முடியாத குளிர். 1738இல் கொள்ளுப்பேரன் தனக்கென்று சிறியதாக, கதகதப்பாக இன்னொரு படுக்கையறை அமைத்துக்கொண்டார். ஆனால் சடங்கை விட முடியுமா? தினமும் காலையில் தன் அறையில் நன்றாகத் தூங்கி எழுந்து, பழைய அறைக்கு நடந்து போய், அங்கே பிரபுக்களின் முன்னால் 'எழுந்திருப்பார்'. இரவில் அங்கே 'படுத்துவிட்டு', திரும்பி வந்து இங்கே படுப்பார். ஒரே மனிதருக்கு ஊருக்காக ஒரு கட்டில், உடம்புக்காக ஒரு கட்டில். இந்த நூற்றாண்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

அரசர் செய்ததைப் பாரிஸின் பணக்கார வீடுகளும் செய்தன. கட்டடக்கலைஞர்கள் வீட்டுக்குள்ளேயே பிரித்துத் திட்டம் போட்டார்கள்: பவிசு காட்ட ஒரு பகுதி, விருந்தினரோடு பழக ஒரு பகுதி, குடும்பம் நிம்மதியாக இருக்க ஒரு பகுதி. கடைசிப் பகுதியின் அறைகள் சிறியவை, கூரை தாழ்ந்தவை, சூடு தங்குபவை. நாற்காலிகளும் இரண்டு சாதியாயின. ஒன்று சுவரோரம் வரிசையாக நிற்கும், கிட்டத்தட்டச் சுவரின் அலங்காரம், யாரும் நகர்த்தமாட்டார்கள். இன்னொன்று இழுத்து இழுத்துப் போட்டுக்கொள்வது. பேச்சு எங்கே சூடு பிடிக்கிறதோ அங்கே அது போகும். இந்த இரண்டாவது வகைதான் நம் கதையின் நாயகன். குதிரை முடி அடைத்த மெத்தை, சாய்ந்த முதுகு, மூடிய பக்கங்கள் கொண்ட 'பெர்ஜேர்' என்ற நாற்காலி இந்தக் காலத்தில் வந்தது. சோஃபா என்ற சொல்லே அரபு 'சுஃப்பா'விலிருந்து வந்தது. கிழக்கத்தியர் திண்டில் சாய்ந்து உட்காருவதைப் பார்த்து ஐரோப்பா கற்றுக்கொண்ட சுகம் அது. இங்கிலாந்தில் வில்லியம் கூப்பர் என்ற கவிஞரிடம் ஒரு தோழி விளையாட்டாக, "சோஃபாவைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்களேன்" என்றார். அவர் முக்காலியில் தொடங்கி நாற்காலி வழியாக சோஃபா வரை மனித குலம் முன்னேறிய கதையைக் கேலியும் கம்பீரமுமாகப் பாடி, அதை ஒரு பெரிய நூலாகவே நீட்டி 1785இல் வெளியிட்டார்.

நெருப்பு விஷயத்தில் முன்னேற்றம் மெதுவாகத்தான் வந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு ஐரோப்பியக் கணப்பு (ஃபயர்பிளேஸ்) என்றாலே ரம்மியமாகத் தோன்றும். உண்மையில் அது மோசமான கருவி. பழைய கணப்பு ஆள் உள்ளே போய் உட்காரும் அளவுக்கு அகலம். விறகின் சூட்டில் பெரும்பகுதி நேராகப் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் குளிர்காற்று உள்ளே பாயும். ஆக, முகம் வெந்து போகும், முதுகு உறைந்து போகும். புகை வேறு.

இதைச் சரிசெய்யப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இரும்பில் ஒரு அடுப்பு வடிவமைத்து 1744இல் அதை விளக்கிச் சிறு நூல் போட்டார். தெளிவாகக் கணக்குப் போட்டவர் கவுண்ட் ரம்ஃபோர்டு. அவரும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். 1796இல் அவர் சொன்ன வழி எளிமையானது: கணப்பின் வாயைச் சுருக்கு. ஆழத்தைக் குறை. பக்கச் சுவர்களைச் சாய்வாக வை, அப்போது சூடு அறைக்குள் திரும்பும். புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கு, அப்போது புகை போகும், அறையின் சூடு அவ்வளவாகப் போகாது. ஒரு கொத்தனார், கொஞ்சம் செங்கல், அவ்வளவுதான். லண்டனில் வீடு வீடாகக் கணப்பை மாற்றினார்கள். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில் ஒரு இடம் வரும். திகில் கதைகள் படித்துப் படித்துக் கனவு கண்டுகொண்டிருக்கும் கதாநாயகி, பழைய மடமாக இருந்த மாளிகைக்குள் ஆசையோடு நுழைவாள். பிரமாண்டமான பழங்காலக் கணப்பை எதிர்பார்த்தவளுக்குக் கிடைப்பது ரம்ஃபோர்டு பாணியில் சுருக்கிய ஒன்று. பாவம், ஏமாந்து போவாள். வீட்டுக்காரருக்கோ அதுதான் பெருமை.

வெளிச்சத்திலும் இதே போக்கு. விலங்குக் கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தி நாறும், புகையும், அடிக்கடி திரியைக் கத்தரிக்க வேண்டும். தேன்மெழுகு நல்லது, ஆனால் விலை அதிகம். 1780இல் சுவிட்சர்லாந்துக்காரர் எமே ஆர்கான் உள்ளே காற்று போகும்படி குழல் வடிவத் திரியும் கண்ணாடிச் சிமினியும் வைத்து ஒரு எண்ணெய் விளக்கு செய்தார். ஒரு விளக்கே ஆறு மெழுகுவர்த்திக்கு மேல் ஒளி தந்தது. குடும்பமே ஒரு வர்த்தியைச் சுற்றி நெருங்கி உட்கார வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

சொகுசுக்குத் தனிமையும் வேண்டியிருந்தது. முன்பு வேலையாட்கள் கூப்பிடு தூரத்தில், அதே அறையில்கூட, நின்றுகொண்டிருப்பார்கள். படுப்பதும் அங்கேயே. எஜமானருக்கு இப்போது அது உறுத்தியது. பின்படிக்கட்டுகள் வந்தன. சுவர்களுக்குள் கம்பி ஓட்டி, ஓர் அறையில் இழுத்தால் தொலைவில் வேலையாட்கள் இருக்கும் இடத்தில் மணி அடிக்கும்படி செய்தார்கள். சாப்பாட்டு மேசைக்கு அருகில் 'ஊமைப் பணியாள்' என்று பெயரிட்ட அடுக்குத் தட்டு ஒன்றை வைத்தார்கள். எதிரே நின்று பரிமாறி, பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க ஆள் தேவையில்லை. பதினைந்தாம் லூயி இன்னும் ஒரு படி மேலே போய், ஷுவாசி மாளிகையில் கீழ்த்தளத்திலிருந்து உணவோடு எழும்பி வரும் மேசையே செய்துகொண்டார். இதனால் வேலை குறைந்ததா என்றால், இல்லை. விடிவதற்கு முன் எழுந்து சாம்பல் அள்ளி நெருப்பு மூட்டும் வேலைக்காரப் பெண்ணுக்கு அதே வேலைதான். அவள் கண்ணில் படாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பனியன் போட்ட கனவான்கள்

சொகுசுக்கு ஓர் உடுப்பும் உண்டு. அதன் பெயர் நமக்குத் தெரிந்ததுதான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கனவான் வெளியே போகும்போது பவுடர் பூசிய விக், இறுக்கமான கோட்டு, முழங்கால் வரை கால்சட்டை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொட்டைத் தலையில் ஒரு குல்லாய், உடம்பில் தளர்ந்த நீண்ட அங்கி. இந்த அங்கிக்கு அவர்கள் வைத்த பெயர் 'பானியன்'. குஜராத்தி வணிகர்களைக் குறித்த 'வாணியோ' என்ற சொல் ஐரோப்பியர் வாயில் புகுந்து அப்படி ஆனது. நம் 'வணிகர்' அதற்கு உறவு. நாம் சட்டைக்குள் போடும் பனியனும் அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். அறிவாளிகளும் வியாபாரிகளும் இந்த அங்கியோடு உட்கார்ந்து தங்கள் உருவப்படத்தை வரையச் சொன்னார்கள். வீட்டு உடுப்பில் இருப்பது வெட்கமாக இல்லை, பெருமையாகிவிட்டது. கவனியுங்கள், சொகுசு இங்கே மறுபடியும் காட்சிப் பொருளாகிறது. ஆடம்பரத்தை வாசலில் நிறுத்தினாலும் ஜன்னல் வழியாக வந்துவிடும்.

இதை எல்லோருக்கும் முன்பாகச் சரியாகப் பிடித்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோ. 1769 வாக்கில் பழைய வீட்டு அங்கியைப் பிரிந்த துக்கத்தைப் பற்றி ஒரு குறும்புக் கட்டுரை எழுதினார். பழைய அங்கி உடம்போடு ஒட்டிப் பழகியது. புத்தகத்தில் தூசியா? அதன் ஓரத்தால் துடைத்துக்கொள்ளலாம். பேனாவில் மை கட்டிவிட்டதா? அதில் துடைக்கலாம், அதனால் அங்கி முழுக்கக் கருங்கோடுகள். எழுதுகிறவனின் அங்கி என்று பார்த்தாலே தெரியும். பிறகு சிவப்பாக, பளபளப்பாக ஒரு புதிய அங்கி வந்தது. அதோடு தொடங்கியது வினை. அங்கிக்கு முன்னால் வைக்கோல் பின்னிய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது. தோல் போட்ட நாற்காலி வந்தது. பலகை போட்டு அடுக்கிய புத்தகங்களுக்கு அலமாரி வந்தது. பழைய மேசை போய் விலை உயர்ந்த மேசை வந்தது. முடிவில், பழைய அங்கிக்கு நான் எஜமானன், புதியதற்கு நான் அடிமை என்று புலம்புகிறார். இருநூறு ஆண்டுகள் கழித்து, 1988இல், கிராண்ட் மெக்கிராக்கன் என்ற மானிடவியலாளர் இதற்குத் திதெரோ விளைவு என்றே பெயர் வைத்தார். புது சோஃபா வாங்கியதும் திரைச்சீலையும் சுவர்ப் பெயின்ட்டும் பழசாகத் தெரியத் தொடங்குகிறதே, அதுதான். எங்கள் வீட்டில் ஒரு டிவி ஸ்டாண்ட் வாங்கிய பிறகு நடந்ததை இங்கே எழுத ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

பாவமா, பயனா?

இவ்வளவு பொருள் வாங்குவது நல்லதா கெட்டதா என்று நூற்றாண்டு முழுவதும் சண்டை. யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று அந்தஸ்துக்குத் தகுந்தபடி கட்டுப்படுத்தும் பழைய சட்டங்களை இங்கிலாந்து 1604இலேயே கைவிட்டிருந்தது. சட்டம் போன பிறகு விவாதம்தானே மிச்சம்? லண்டனில் குடியேறிய டச்சு மருத்துவர் பெர்னார்ட் மாண்டெவில் 1714இல் தேனீக்களின் கதையைச் சொல்லி எல்லோரையும் ஆத்திரப்படுத்தினார். அவர் கூட்டின் தேனீக்கள் வீம்பும் பேராசையுமாக இருந்தவரை கூடு செழிக்கிறது. ஒருநாள் எல்லாம் யோக்கியமாகிவிடுகின்றன. வேலை போகிறது, வியாபாரம் போகிறது, கூடு காலியாகிறது. 1752இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் நிதானமாக வாதிட்டார்: நல்ல பொருள்மேல் ஆசை வந்தால் தொழில் வளரும், அறிவு வளரும், பழக்கவழக்கம் மென்மையாகும். பிரெஞ்சில் எழுதிய சிந்தனையாளர் ரூசோவுக்கு இது ஆகவே ஆகாது. சொகுசு மனிதனின் நல்லொழுக்கத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி.

எனக்குப் பிடித்தது பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் சொன்னது. அத்தியாவசியம் என்றால் உயிர்வாழத் தேவையானது மட்டும் இல்லை, எது இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கமாக இருக்குமோ அதுவும் அத்தியாவசியம்தான் என்றார். பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் சட்டை இல்லாமல் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அவர் காலத்தில் மானமுள்ள ஒரு கூலிக்காரர்கூட லினன் சட்டை இல்லாமல் ஊருக்குள் வர வெட்கப்படுவார். நேற்றைய ஆடம்பரம் இன்றைய அத்தியாவசியமாக நகர்வதை இவ்வளவு சாதாரணமாக ஒரு சட்டையை வைத்து விளக்கிவிட்டார்.

தேநீர் அப்படி நகர்ந்த பொருள். ஒரு காலத்தில் சீனாவிலிருந்து வந்த விலை உயர்ந்த இலை, பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்தது. 1784இல் பிரிட்டிஷ் அரசு தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்குக் குறைத்தது. கடத்தல் தேயிலைக்கு வேலை இல்லாமல் போனது, குடிசை வரை தேநீர் போனது. உடனே பணக்காரர்கள் "ஏழைகளுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?" என்றார்கள். இதற்கு 1795இல் டேவிட் டேவிஸ் என்ற கிராமத்துப் பாதிரியார் கொடுத்த பதில் சுருக்கென்று தைக்கும். பால் வாங்க வழியில்லை, நல்ல பீர் காய்ச்ச வழியில்லை. ஊற்றுத் தண்ணீரில் மலிவான இலை நாலு போட்டு நிறம் ஏற்றி, மட்டமான சர்க்கரை கலந்து குடிக்கிறார்கள். இதையா ஆடம்பரம் என்று திட்டுகிறீர்கள்? வறுமைக்குத் தேநீர் காரணமில்லை, வறுமையின் விளைவுதான் தேநீர் என்றார் அவர்.

அந்தச் சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பிலிருந்து. 1791இல் அடிமை வணிகத்தை நிறுத்தும் தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றதும், பல குடும்பங்கள் சர்க்கரையை விலக்கின. தேநீர் ஊற்றுவதும் சர்க்கரை வாங்குவதும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்ததால், வாக்குரிமை இல்லாத அவர்களுக்கு இது ஓர் அரசியல் ஆயுதமாயிற்று.

சீட்டித் துணி

கடைசியாக, நம் கரையிலிருந்து போன ஒரு பொருள். சீட்டித் துணி, ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்'. சோழமண்டலக் கடற்கரையில், இன்றைய ஆந்திரம் முதல் தமிழ்நாடு வரை, பருத்தித் துணியில் கையால் பூவும் கொடியும் வரைந்து சாயமேற்றினார்கள். துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் தோய்த்து, படிகாரம் போட்ட இடத்தில் சாயவேரின் சிவப்பைப் பிடிக்க வைத்து, நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடி அவுரியில் முக்கி எடுப்பார்கள். ஐரோப்பியரை மயக்கியது இதன் அழகு மட்டுமில்லை, துவைத்தாலும் சாயம் போகாது என்பதுதான். அவர்களுடைய பட்டுத் திரையையும் கம்பளித் திரையையும் சுலபமாகத் துவைக்க முடியாது. இது மெல்லியது, பளிச்சென்றது, சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். கண்ணுக்கும் உடம்புக்கும் ஒரே நேரத்தில் பிடித்த பொருள்.

அங்கிருந்த நெசவாளர்களின் பிழைப்பில் கை வைத்ததால் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இதைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. 1719இல் லண்டன் நெசவாளர்கள் தெருவில் போகும் பெண்களின் மேலிருந்தே இந்தத் துணியைக் கிழித்தார்கள். பலன்? தடை செய்ததை வாங்குவதில் கூடுதல் மவுசு. இடையில் கோர்டூ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் இங்கேயுள்ள சாயக்காரர்களிடம் கேட்டறிந்து, செய்முறையை 1742இல் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டார். 1760இல் ஓபர்காம்ஃப் என்பவர் பாரிஸுக்கு அருகே ஜுயியில் துணி அச்சிடும் ஆலை தொடங்கினார்.

லண்டனின் பெரிய நடிகர் டேவிட் காரிக்கும் அவர் மனைவியும் இங்கிலாந்தின் அந்தத் தடைச் சட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். கல்கத்தாவிலிருந்து ஆங்கிலேயர்கள் பரிசாக அனுப்பிய சீட்டித் துணியைக் கட்டிலுக்குத் திரையாக்க நினைத்தார்கள். 1775இல் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்துவிட்டார்கள். வேதாகமத்தில் பிள்ளைகளை இழந்த ராகேல்கூட என் மனைவியைப் போல அழுதிருக்கமாட்டாள் என்று காரிக் கருவூல அதிகாரி ஒருவருக்கு எழுதினார். கட்டிலும் அதன் சீட்டித் திரைகளும் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. படுத்தவர் பெயர் தெரியும், மரச்சாமான் செய்து கொடுத்த சிப்பண்டேலின் பெயர் தெரியும். அந்தப் பூக்களை வரைந்தவரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.